இரண்டு பேரேடுகள்

1993-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள கால்வெஸ்டன் என்னும் துறைமுக நகரில், கடல்வாழ் பாலூட்டிகளை ஆராயும் அறிஞர்கள் கூடியிருந்தனர். அவர்கள்முன் உரையாற்ற எழுந்தவர் அலெக்சி யாப்லகோவ் என்னும் ரஷ்ய உயிரியல் அறிஞர். ரஷ்யக் குடியரசுத் தலைவர் போரிஸ் எல்ட்சினுக்கு அப்போது அவர் சுற்றுச்சூழல் ஆலோசகர். சோவியத் ஒன்றியம் மறைந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. மறைந்த அந்த அரசு, இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம், தான் கொன்ற திமிங்கலங்களைப் பற்றி உலகத்துக்கு அளித்துவந்த அதிகாரப்பூர்வமான கணக்கு பொய்க்கணக்கு என்று அவர் அந்த அவையில் அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் பலர் தம் ஆய்வுகளை அந்தக் கணக்கின்மீதே கட்டியெழுப்பியவர்கள்.

பொய்யின் அளவைச் சில எண்களே சொல்லிவிடும். தென் அரைக்கோளக் கடல்களில் 1948 முதல் 1973 வரை தாங்கள் கொன்ற கூன்முதுகுத் திமிங்கலங்கள் 2,710 என்று சோவியத் அரசு அறிவித்திருந்தது. உண்மையில் கொல்லப்பட்டவை 48,000-க்கும் மேல். ரைட் திமிங்கலம் என்றோர் இனம் உண்டு. மெதுவாக நீந்தும், இறந்தால் மூழ்காமல் மிதக்கும், ஆகவே வேட்டைக்கு ஏற்ற திமிங்கலம் என்று பழைய வேட்டைக்காரர்கள் இட்ட பெயர் அது. அவ்வினம் ஏற்கெனவே அழிவின் விளிம்பில் நின்றதால் அதைத் தொடவே கூடாதென்று பன்னாட்டு உடன்பாடு தடுத்திருந்தது. தென்கடல்களில் அவற்றுள் நான்கைக் கொன்றதாகக் கணக்குக் காட்டினார்கள்; கொன்றது மூவாயிரத்துக்கும் மேல். பின்னர் வந்த ஆய்வாளர்கள் உலகக் கடல்கள் அனைத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது, இருபதாம் நூற்றாண்டில் சோவியத் கப்பல்கள் கொன்ற திமிங்கலங்கள் 5,34,204 என்றும், அவற்றுள் 1,78,811 கணக்கில் காட்டப்படவே இல்லை என்றும் தெரியவந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள் நம் முன்னோர். இங்கே மறைக்கப்பட்ட ஒவ்வொன்றும் பல டன் எடையுள்ள உயிர்.

இவ்வளவு பெரிய மறைப்பு எவ்வாறு இயன்றது? யாரோ சில கயவர்கள் கூடிச் செய்த சூழ்ச்சி என்றால் இதில் எழுத ஒன்றுமில்லை. பொய் எந்த இடத்தில் பிறந்தது, மெய் எந்த இடத்தில் பிழைத்துக்கிடந்தது என்று தேடிப் பார்க்கும்போதுதான் இவ்வரலாறு நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

1946 டிசம்பரில் வாஷிங்டன் நகரில் திமிங்கல வேட்டையை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதிலிருந்து பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் தோன்றியது. அண்டார்க்டிக் கடலில் ஒரு பருவத்தில் எல்லா நாடுகளும் சேர்ந்து 16,000 'நீலத் திமிங்கல அலகு'களுக்குமேல் கொல்லலாகாது என்று வரம்பு கட்டினார்கள். ஒரு நீலத் திமிங்கலம் ஓர் அலகு. இரண்டு ஃபின் திமிங்கலங்கள் ஓர் அலகு. கூன்முதுகு என்றால் இரண்டரை. சேய் திமிங்கலம் என்றால் ஆறு. எண்ணெய் எவ்வளவு தேறும் என்பதை வைத்து வணிகர் வகுத்த வாய்ப்பாடு இது. எந்த இனம் எவ்வளவு மீந்திருக்கிறது என்ற கேள்வி அதில் எங்குமில்லை. ஒவ்வொரு கப்பலும் தன் பிடிப்புக் கணக்கை நார்வே நாட்டின் சாண்டெஃபியோர்டு நகரிலிருந்த புள்ளிவிவர அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கவேண்டும். கூட்டுத்தொகை வரம்பை நெருங்கும்போது பருவம் முடிந்ததாக அறிவிக்கப்படும். ஆகவே ஒரு கப்பல் மெய்யான கணக்கை அனுப்பினால், அதனாலேயே தன் வேட்டை நாள்களைக் குறைத்துக்கொள்கிறது.

அவ்வுடன்பாட்டை எழுதியவர்கள் மனித இயல்பை அறியாதவர்கள் அல்லர். அதன் விதிகளில் வியப்பூட்டும் ஒன்று உண்டு. ஈட்டிப் பீரங்கியை இயக்குபவர்க்கும் மாலுமிகளுக்கும் தரும் ஊதியம் கொன்ற திமிங்கலங்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததாக இருக்கலாகாது; இனம், அளவு, கிடைத்த எண்ணெய் ஆகியவற்றையும் பொறுத்ததாக இருக்கவேண்டும்; பாலூட்டும் தாயைக் கொன்றவர்க்கு ஊக்கத்தொகை எதுவும் தரலாகாது என்கிறது அவ்விதி. கூலி எங்கே சாய்கிறதோ அங்கே ஈட்டியும் சாயும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆனால் அந்த உணர்வு கப்பலின் மேல்தளத்தோடு நின்றுவிட்டது. ஒவ்வோர் ஆலைக்கப்பலிலும் வேட்டையைக் கண்காணிக்க இரண்டு ஆய்வாளர்களாவது இருக்கவேண்டும் என்று விதித்தவர்கள், அவர்களை அந்தந்த நாட்டு அரசே நியமித்து, அந்த அரசே ஊதியம் கொடுக்கவேண்டும் என்றும் விதித்தார்கள். மாலுமிக்குப் பேராசை உண்டென்று கண்டவர்கள், அமைச்சகத்துக்கும் அது உண்டென்று காணவில்லை.

சோவியத் ஒன்றியம் அண்டார்க்டிக் வேட்டைக்குப் புதிது. போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து இழப்பீடாகப் பெற்ற ஆலைக்கப்பல் ஒன்றுக்கு 'ஸ்லாவா' என்று பெயரிட்டு, 1946-இல் ஒடெசா துறைமுகத்தைத் தாயகமாகக் கொண்டு தொடங்கினார்கள். 'ஸ்லாவா' என்றால் மகிமை. 1959-க்கும் 1961-க்கும் இடையே மேலும் மூன்று பெருங்கப்பல்கள் சேர்ந்தன. அவற்றுள் 'சோவெத்ஸ்கயா உக்ரைனா', 'சோவெத்ஸ்கயா ரஸ்ஸியா' ஆகியவை உலகின் மிகப்பெரிய திமிங்கல ஆலைக்கப்பல்களாகக் கருதப்பட்டன. கடலில் திமிங்கலம் குறைந்துகொண்டே வந்த காலத்தில், பிற நாடுகள் தொழிலைவிட்டு விலகத் தொடங்கிய வேளையில், இவர்கள் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏன்? திமிங்கல இறைச்சி ரஷ்ய மக்களின் உணவில் பெரிய இடம் பெற்றதன்று. பல நேரங்களில் கொழுப்பை மட்டும் உரித்துக்கொண்டு உடலைக் கடலில் தள்ளிவிட்டார்கள். தேவையென்று எதுவும் இந்த வேட்டையைச் செலுத்தவில்லை, திட்டம் செலுத்தியது. மாஸ்கோவில் வகுக்கப்படும் திட்டம் ஒவ்வொரு கப்பலுக்கும் இவ்வளவு உற்பத்தி என்று இலக்கு வைத்தது. இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை. மிஞ்சினால் அதனினும் மிகுதி, பதக்கம், செய்தித்தாளில் புகழ். எட்டாவிட்டால் தலைவருக்குப் பதவியிறக்கம், மாலுமிக்கு வேலையிழப்பு. இவ்வாண்டு எட்டிய அளவே அடுத்த ஆண்டு இலக்கின் தொடக்கம். எனவே வெற்றியே அடுத்த ஆண்டின் சுமையாக ஏறிக்கொண்டிருந்தது. ஸ்லாவாவின் தலைவர் அலெக்சி சொல்யானிக் சோஷலிச உழைப்பு வீரர் என்ற பட்டம் பெற்று நாடறிந்த மனிதராக விளங்கினார். 1965-இல் 'கம்சமோல்ஸ்கயா பிராவ்தா' நாளேடு அவர்மீது கடுமையான கட்டுரை ஒன்றை வெளியிட்டது. வெப்பமண்டலக் கடல்களில் மாலுமிகளை வதைத்ததும், கப்பலைத் தம் சொந்த அரசாகக் கருதி நடத்தியதும் அக்கட்டுரையின் குற்றச்சாட்டுகள். பதவி போயிற்று. ஆயினும் பொய்க்கணக்கு என்ற விஷயத்தைத் தொட அந்தத் துணிச்சலான ஏட்டாலும் இயலவில்லை.

இனி, இரண்டு பேரேடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒவ்வோர் ஆலைக்கப்பலிலும் உயிரியல் அறிஞர்கள் பணியாற்றினர். மேல்தளத்தில் இழுத்துப் போடப்பட்ட ஒவ்வொரு திமிங்கலத்தையும் அளந்து, இனம், பால், நீளம், வயிற்றில் கண்ட உணவு, கருவிலிருந்த குட்டி என எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவு மெய்யானது. அமைச்சகத்துக்குச் சென்ற உற்பத்தி அறிக்கையும் மெய்யானதே. ஆனால் இரண்டின்மீதும் இரகசியம் என்ற முத்திரை விழுந்தது. சாண்டெஃபியோர்டுக்குச் சென்றது வேறொரு கணக்கு. அதில் தடைசெய்யப்பட்ட இனம் வேறு இனமாயிற்று. குறைந்த அளவுக்குட்பட்ட குட்டி வளர்ந்ததாயிற்று. பாலூட்டும் தாய் காணாமற்போயிற்று. ஃபின் திமிங்கலங்களைப் பிடித்ததைவிட அதிகமாகவே எழுதினார்கள் என்பது வேடிக்கை. சட்டத்துக்கு உட்பட்ட இனத்தின் எண்ணிக்கையை உயர்த்திக்காட்டினால், கப்பலில் நிறைந்திருந்த எண்ணெய்க்குக் காரணம் கிடைத்துவிடும் அல்லவா?

ஒரே அரசு, ஒரே கப்பல், ஒரே நாளின் வேட்டை. உள்ளே சென்ற கணக்கு மெய்; வெளியே சென்ற கணக்கு பொய். உள்ளே மெய்யாக இருந்ததற்கு அறம் காரணமன்று. ஊக்கத்தொகை அந்தக் கணக்கின்மீது பகிரப்பட்டது. அடுத்த திட்டம் அதன்மீது வகுக்கப்பட்டது. அங்கே ஒரு திமிங்கலம் குறைந்தால் ஒருவருடைய கூலி குறையும். வெளியே செல்லும் கணக்கிலோ ஒரு திமிங்கலம் கூடினால் வேட்டை நாள் குறையும். எங்கே மெய் பயன் தந்ததோ அங்கே மெய்யும், எங்கே அது இடையூறாயிற்றோ அங்கே பொய்யும் எழுதப்பட்டன. அரசுக்கு உண்மை தெரியவில்லை என்று யாரும் வாதாட முடியாது. உண்மையை அது துல்லியமாக, திமிங்கலம் திமிங்கலமாக அறிந்திருந்தது.

லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில் வரும் முறைகேடான வீட்டுப்பொறுப்பாளரை நாம் அறிவோம். நூறு குடம் எண்ணெய் கடன்பட்டவனை அழைத்து ஐம்பது என்று எழுதச் சொல்கிறான் அவன். எண்ணெய்க் கணக்கிலேயே அந்த உவமை தொடங்குவது இங்கே தற்செயலான பொருத்தம்தான். மறையுரைகளில் அவனுடைய முன்மதியைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். அவன் கணக்கைத் திருத்தத் தொடங்கியது எப்போது என்பதைக் கவனிப்பது அரிது. தன் பதவி போகப்போகிறது என்று தெரிந்த அந்த நாழிகையில்தான் அவன் எழுதுகோலைத் தேடினான். தலைவரின் சொத்து எவ்வளவு என்பது அவனுக்கு எப்போதும் சரியாகவே தெரிந்திருக்கவேண்டும்.

சோவியத் மீன்வள அமைச்சர் அலெக்சாந்தர் இஷ்கோவிடம் அறிஞர்கள் முறையிட்டதாக ஒரு செய்தி உண்டு. இவ்வாறே வேட்டை தொடர்ந்தால் வருங்காலச் சந்ததியினர்க்குத் திமிங்கலமே இராது என்று அவர்கள் எச்சரித்தபோது, தம்மைப் பதவியிலிருந்து இறக்கப்போகிறவர்கள் அந்தச் சந்ததியினர் அல்லர் என்ற பொருள்பட அவர் விடையிறுத்தாராம். கொடிய சொல் என்று நாம் முகஞ்சுளிக்கலாம். எனக்கு அது, அந்த ஆட்சியில் உரைக்கப்பட்ட நேர்மையான வாக்குமூலங்களுள் ஒன்றாகத் தோன்றுகிறது. எவரிடம் கணக்கு ஒப்புவிக்கவேண்டுமோ அவருக்கேற்பக் கணக்கு அமையும் என்பதை அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

பொய்யின் விளைவு தொலைவில் வாழ்ந்த எளியவர்களைத் தாக்கியது. 1959-60, 1960-61 ஆகிய இரு பருவங்களில் மட்டும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்குத் தெற்கே சோவியத் கப்பல்கள் ஏறத்தாழ 25,000 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றன. அக்கூட்டங்கள் குளிர்காலத்தில் இனப்பெருக்கத்துக்காக வடக்கு நோக்கி ஆஸ்திரேலியக் கரையோரமாகச் செல்பவை. அவற்றை நம்பி டங்கலூமா, பைரன் பே போன்ற இடங்களில் கரையோர வேட்டை நிலையங்கள் இயங்கின. திடீரென்று திமிங்கலங்கள் வரவில்லை. 1962-இல் அந்த இரு நிலையங்களும் மூடப்பட்டன. நியூசிலாந்தில் எஞ்சியிருந்த கடைசி நிலையம் 1964-இல் மூடப்பட்டது. கரையோரத்தில் பிடிபட்டவை எத்தனை என்ற கணக்கு அறிஞர்களிடம் இருந்தது. தென்கடலில் பிடிபட்டதாக அறிவிக்கப்பட்டதும் இருந்தது. இரண்டையும் கூட்டினாலும் இத்தகைய வீழ்ச்சிக்குக் காரணம் விளங்கவில்லை. திமிங்கலங்கள் வேறு வழியே போயினவா, இனப்பெருக்கக் கணிப்பே பிழையா என்றெல்லாம் அவர்கள் ஆராயவேண்டியிருந்தது. பொய்யான அறிக்கை, கடலைக் கொள்ளையிட்டது போதாதென்று, நேர்மையான ஆய்வையும் தன்மீதே ஐயம்கொள்ளச் செய்தது.

நம்முடைய கடலும் தப்பவில்லை. மணப்பாடு, திருச்செந்தூர்க் கடற்கரைகளில் 1973-இலும் 2016-இலும் கூட்டமாக ஒதுங்கிய பைலட் திமிங்கலங்களைக் கண்ட நம் கடலோர மக்கள், இப்பேருயிர்கள் நமக்கு அயலார் அல்ல என்பதை அறிவார்கள். அண்டார்க்டிக் நோக்கிச் செல்லும் வழியில் 1963 முதல் 1966 வரை சோவியத் கப்பல்கள் இந்துமாக் கடலின் வடபகுதியில் வேட்டையாடின. 1,294 நீலத் திமிங்கலங்கள் அங்கே கொல்லப்பட்டன. வெப்பமண்டலக் கடலில் ஆலைக்கப்பல் கொண்டு இத்தகைய வேட்டை நடத்துவதே விதிகளுக்கு மாறானது. 1966 நவம்பரில் ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் கரைகளுக்கு அப்பால் அரபிக்கடலில் இருந்த கூன்முதுகுத் திமிங்கலங்களின்மேல் பாய்ந்தார்கள். முந்தைய ஆண்டில் கொன்ற சிலவற்றையும் சேர்த்து 242. நம் துறைமுகங்களுக்கு நட்புக்கொடி பறக்கவிட்டு வந்த நாடு நம் கடலில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது முப்பதாண்டுகளுக்குப் பிறகே நமக்குத் தெரிந்தது.

தன்னைத் தானே கண்காணிக்கும் ஆய்வாளரால் பயனில்லை என்பது ஆணையத்துக்கு விளங்காமலில்லை. ஒரு நாட்டுக் கப்பலில் வேறு நாட்டுப் பார்வையாளர் ஏறவேண்டும் என்ற எண்ணம் 1950-களிலேயே எழுந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1972-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஏதேனுமொரு காரணம் சொல்லி அது தள்ளிப்போடப்பட்டது. அந்த ஆண்டுகளில்தான் பெரும் படுகொலை நடந்தேறியது. பார்வையாளர்கள் ஏறிய பின் சோவியத் கணக்கு பெருமளவுக்கு மெய்க்கணக்கு ஆயிற்று. மாலுமிகள் மனந்திரும்பினார்கள் என்றோ, அமைச்சகம் நோன்பிருந்து பாவசங்கீர்த்தனம் செய்தது என்றோ பொருளன்று. ஊக்கத்தொகையில் பங்கில்லாத ஒரு சோடிக் கண்கள் மேல்தளத்தில் நின்றன, அவ்வளவே. அதிலும் ஒரு குறை இருந்தது. வட பசிபிக் கடலில் சோவியத் கப்பலுக்கு ஜப்பானியப் பார்வையாளரும், ஜப்பானியக் கப்பலுக்கு சோவியத் பார்வையாளரும் என்று மாற்றிக்கொண்டார்கள். தனக்கும் மறைப்பதற்கு ஏதோ உள்ளவன் பிறன் மறைப்பதை எவ்வளவு கூர்ந்து பார்ப்பான்?

ஜப்பானுக்கு மறைக்க இருந்தது. அந்நாட்டின் கரையோர நிலையங்கள் ஸ்பெர்ம் திமிங்கலங்களின் எண்ணிக்கையையும் அளவையும் பொய்யாகக் காட்டின என்பதை ஜப்பானிய அறிஞர் தோஷியோ கசுயா 1999-இல் வெளிப்படுத்தினார். ஆகவே இதைக் கடவுளை மறுத்த ஓர் ஆட்சியின் குற்றம் என்று சொல்லி நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிட முடியாது. தேர்தலும் நாடாளுமன்றமும் செய்தித்தாள்களும் உள்ள அதே ஜப்பானில் மினமாதா நடந்தது. 1956-இல் நோய் கண்டறியப்பட்டது. 1959-இல் குமமோத்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமப் பாதரசமே காரணம் என்று கண்டார்கள். அவ்வாண்டு நவம்பரில் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக்குழுவும் அதையே அறிவித்தது. அறிவித்த மறுநாள் குழு கலைக்கப்பட்டது. தொழிற்சாலைக் கழிவே நோயின் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 1968 மே மாதத்தில், பாதரசத்தைப் பயன்படுத்தும் அந்த உற்பத்தி முறையைத் தொழிற்சாலை தானாகவே கைவிட்டிருந்தது. உண்மையைச் சொல்வதால் எவருக்கும் நட்டமில்லை என்ற நிலை வந்த பிறகு உண்மை சொல்லப்பட்டது.

நம் நாட்டில் பொய்யெழுத வேண்டிய தேவைகூடச் சில இடங்களில் இல்லை. சொல்லின் பொருளை விரித்தாலே போதும். இந்திய வன அளவை நிறுவனத்தின் அறிக்கை, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் பத்து விழுக்காட்டுக்குமேல் மர நிழல் இருந்தால் அது யாருடைய நிலமாயினும், எம்மரமாயினும் வனப்பரப்பு என்று கணக்கிடுகிறது. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் அதில் சேரும். அந்நிறுவனம் இதை ஒளிக்கவில்லை, அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் மேடையில் ஏறி வனப்பரப்பு பெருகிவிட்டது என்று முழங்குபவர் அந்த விளக்கத்தைப் படிப்பதில்லை. அதுபோலவே ஓர் அணையோ ஆலையோ அமையுமுன் எழுதப்படும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை ஆயத்தம் செய்யும் நிபுணருக்கு, அந்தத் திட்டத்தை நிறைவேற்றத் துடிப்பவரே கட்டணம் கொடுக்கிறார். 1946-இல் வாஷிங்டனில் எழுதிய விதியின் அதே குறைதான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாதோ சி' சுற்றுமடலில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். இத்தகைய ஆய்வு திட்டம் தீட்டிய பின் ஒட்டவைக்கப்படுவதாக இல்லாமல், தொடக்கத்திலேயே, பொருளாதார, அரசியல் அழுத்தங்கள் எதுவுமின்றி, யாவரும் காண நடைபெறவேண்டும் என்று அவர் வற்புறுத்துகிறார். படைப்பைப் பற்றிய சுற்றுமடல் ஒன்று அலுவலக நடைமுறையைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று சிலர் அப்போது வியந்ததுண்டு. ஸ்லாவா கப்பலின் வரலாற்றை அறிந்தவர்க்கு அந்த வியப்பு எழாது.

அந்த இரகசியப் பேரேடுகள் என்னவாயின என்பதைச் சொல்லாமல் விடலாகாது. ஆல்பிரட் பெர்சின் என்னும் விளாடிவோஸ்டாக் நகர அறிஞர் தாம் கண்டதையெல்லாம் எழுதிவைத்தார்; அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 2008-இல் அது ஆங்கிலத்தில் வெளியாயிற்று. த்மித்ரி தொர்மோசோவ் என்பவர் 'யூரி தல்கரூக்கி' கப்பலில் பணியாற்றியவர். அழிக்கப்படவிருந்த பல்லாயிரம் பதிவுத்தாள்களை அவர் எடுத்துச் சென்று, உருளைக்கிழங்கு சேமித்துவைக்கும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஒளித்துவைத்திருந்தார். ஒடெசாவில் யூரி மிகலேவும் தம்மிடமிருந்த குறிப்புகளைக் காத்துவைத்தார். இவர்கள் எவரும் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற வீரர்கள் அல்லர். கப்பலில் ஏறினார்கள், ஊதியம் பெற்றார்கள், வெளியே அனுப்பிய பொய்க்கணக்கு தயாரானபோது உடனிருந்தார்கள். அவர்களைப் புனிதராக்கவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். அச்சம் நிறைந்த ஓர் அமைப்பினுள் தம்மால் இயன்ற சிறிய நேர்மையை அவர்கள் செய்தார்கள்: தாளைக் கிழிக்கச் சொன்னபோது கிழிக்கவில்லை. யாப்லகோவ் கால்வெஸ்டனில் பேச எழுந்தபோது அவர் கையிலிருந்தது அந்தத் தாள்களின் வலிமையே. சோவியத் அரசு கடலில் கொட்டிய அணுக்கழிவுகளைப் பற்றிய உண்மையையும் அதே 1993-இல் வெளிக்கொணர்ந்தவர் அவர். 2017-இல் காலமானார்.

தென்கடல்களில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் இன்று பெருமளவு மீண்டு வந்திருக்கின்றன. வட பசிபிக்கின் கீழ்ப்பகுதியில் ரைட் திமிங்கலங்கள் மீளவில்லை. 1960-களில் சோவியத் கப்பல்கள் அங்கே இரகசியமாகக் கொன்றவை பல நூறு, இப்போது எஞ்சியிருப்பவை ஏறத்தாழ முப்பது. அரபிக்கடலின் கூன்முதுகுத் திமிங்கலங்களும் நூற்றுக்கும் குறைவாகவே இருக்கக்கூடும் என்று கணிக்கிறார்கள். பிற கூன்முதுகுகள் துருவக்கடலுக்கும் வெப்பக்கடலுக்கும் இடையே ஆண்டுதோறும் வலசை போகும்போது, இவை மட்டும் போவதில்லை. ஆண்டு முழுவதும் அரபிக்கடலிலேயே வாழ்கின்றன. இவை தனிக்கூட்டம், அயல் திமிங்கலங்களோடு கலவாதவை என்பதை 1997-இல் உலக அறிஞர்களுக்கு எடுத்துக்காட்டியவர் மிகலேவ். அவை எம்மாதத்தில் சூல்கொள்கின்றன, எதை உண்கின்றன என்பவற்றைச் சொல்ல அவரிடம் சான்று இருந்தது. அன்று கொல்லப்பட்ட அந்த 242 திமிங்கலங்களின் வயிற்றைக் கீறிப் பார்த்து, கருவிலிருந்த குட்டிகளை அளந்து, இரகசிய முத்திரையின் கீழ் எழுதிவைத்த குறிப்புகளே அந்தச் சான்று.